எந்தக் கயிறு முந்தி மூழ்கும்? ஆற்றுத் தூண்டிலில் ஓர் இயற்பியல் பாடம்

மாணவர்களே, முதலில் ஒரு கேள்வி. ஒரே நீளமுள்ள இரண்டு கயிறுகள். தராசில் வைத்தால் இரண்டும் ஒரே எடை. ஆனால் ஒன்று தடிப்பு, மற்றது மெலிது. இரண்டையும் அசையாத குளத்து நீரில் போட்டால் எது முந்தி மூழ்கும்?

இதை வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "தடிப்பானதுதான், சார்" என்பார்கள். மீதிப் பேர் சற்று யோசித்து, "எடை ஒன்றுதானே, இரண்டும் ஒன்றாகத்தான் மூழ்கும்" என்பார்கள். இரண்டும் சரியல்ல. மெலிந்த கயிறு முந்திக்கொள்ளும். தடிப்பான கயிறு மூழ்காமல் மிதந்தாலும் மிதக்கலாம்.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். இரண்டு கயிறுகளும் ஒரே பொருளால் ஆனவை. ஒன்று தடிப்பு, மற்றது மெலிது. இப்போது எது முந்தும்? இம்முறை தடிப்பானது!

முதல் விடைக்கு நேர் எதிரான விடை. ஆயினும் இரண்டும் சரி. எந்தக் கயிறு முந்தும் என்று கேட்பதற்கு முன், எதைச் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்று கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் கயிறு வாங்கும் தூண்டில்காரர், மீன் இருக்கும் ஆழத்துக்குத் தம் தூண்டிலைக் கொண்டுபோக முடியாமல் நாள் முழுவதும் ஆற்றில் நிற்பார். அல்லது தூண்டிலைப் பாறையில் மாட்டிக்கொண்டு அறுத்துவிட்டுத் திரும்புவார். அவருடைய சிக்கலை வைத்தே இந்த வாரப் பாடத்தைப் படிப்போம்.

மீன் எங்கே, இரை அங்கே

நம் ஊரில் தூண்டில் என்றால் நைலான் நரம்பு, ஈயக் குண்டு, முள் ஆகியவை நினைவுக்கு வரும். வீசும்போது குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். 'ஃபிளை ஃபிஷிங்' என்ற முறை இதற்குத் தலைகீழ். அதில் இரையாகக் கட்டுவது இறகையும் மயிரையும் முள்ளில் சுற்றிச் செய்த ஒரு பொம்மை. அதற்கு எடையே இல்லை எனலாம். ஆகவே கயிற்றைத்தான் கனமாகச் செய்கிறார்கள். கயிறு பறக்கிறது, பொம்மை அதன் பின்னால் போகிறது.

அந்தப் பொம்மை பூச்சியைப் போல இருந்தால் நீரின் மேலேயே மிதக்க விடலாம். சின்ன மீனைப் போலச் செய்த பொம்மைக்கு 'ஸ்ட்ரீமர்' என்று பெயர். அது நீருக்குள் நீந்த வேண்டும். எந்த ஆழத்தில் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றை எடுத்துக்கொள்வோம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இது பிறக்கிறது. 1959 ஆகஸ்ட் 17 இரவு அங்கே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஒரு மலைச்சரிவே இடிந்து விழுந்து ஆற்றை மறித்தது. அப்படி உண்டான ஏரிக்கு 'குவேக் லேக்', அதாவது நிலநடுக்க ஏரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஏரிக்குக் கீழே ஆறு உருண்டைக் கற்களின் மேல் வேகமாக ஓடுகிறது. அங்கே பழுப்பு டிரௌட் என்ற மீன் வாழ்கிறது. சிறியதாக இருக்கும்போது பூச்சிகளைத் தின்னும் இம்மீன், பெரியதானதும் மற்ற மீன்களையும் பிடித்துத் தின்னும்.

அப்படித் தின்னப்படும் மீன்களில் ஒன்று ஸ்கல்பின். தலை பெருத்து, உடல் சிறுத்த ஒரு சின்ன மீன். பெரும்பாலான மீன்களின் வயிற்றுக்குள் காற்று நிரம்பிய நீச்சல் பை இருக்கும். அதனால் அவற்றின் சராசரி அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திக்குச் சமமாகி, நடுநீரில் சிரமமின்றி நிற்கும். ஸ்கல்பினுக்கு நீச்சல் பை கிடையாது. அதன் அடர்த்தி நீரைவிட அதிகம். நீந்துவதை நிறுத்தினால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே அது கற்களோடு கற்களாகவே வாழ்கிறது. 1930-களில் கனடாவின் நிபிகன் ஆற்றில் டான் கேப்பன் என்பவர் இம்மீனைப் போலவே செய்த 'மட்லர் மின்னோ' என்ற ஸ்ட்ரீமர் இன்றும் உலகெங்கும் விற்கிறது.

இதைக் கவனியுங்கள்: ஸ்கல்பின் அடியில் இருப்பதற்குக் காரணம் அடர்த்தி. டிரௌட் அதை அடியில் தேடுகிறது. ஆகவே ஸ்ட்ரீமரும் அடிக்கு அருகில் போக வேண்டும். அதைக் கொண்டுபோவது கயிற்றின் அடர்த்தி.

கயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

பழங்காலத்தில் பட்டு நூலைப் பின்னிக் கயிறு செய்தார்கள். பட்டின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். கொழுப்புப் பூசினால் மிதக்கும், பூசாவிட்டால் மெல்ல மூழ்கும். 1950-களில் பி.வி.சி. பூச்சுடைய கயிறுகள் வந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1945-இல் தொடங்கப்பட்ட 'சயின்டிஃபிக் ஆங்லர்ஸ்' என்ற நிறுவனம், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள உள்ளீடற்ற கண்ணாடிக் குமிழ்களைப் பூச்சில் கலந்தது. காற்றடைத்த குமிழ்கள் அடர்த்தியைக் குறைக்க, கயிறு மிதந்தது. குமிழுக்குப் பதிலாக உலோகத் தூளைக் கலந்தால் கயிறு மூழ்கும். இன்று கலப்பது பெரும்பாலும் டங்ஸ்டன் தூள். ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல 11.3 மடங்கு, டங்ஸ்டனுடையது 19.3 மடங்கு. கொஞ்சம் கலந்தாலே போதும். ஈயத்தின் நச்சும் அதில் இல்லை. (யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஈயத்தால் ஆன சிறு தூண்டில் எடைகளைப் பயன்படுத்தக்கூடாது. பறவைகள் அவற்றை விழுங்கி இறப்பதுதான் காரணம்.)

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம்.

ஃபிளை கயிறுகளுக்கு எண் இருக்கும். 8 என்று எண்ணிட்ட கயிற்றின் முதல் 30 அடி, அதாவது 9.14 மீட்டர், 210 கிரெயின் எடை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க உற்பத்தியாளர்கள் வகுத்த தரம். கிரெயின் என்பது ஒரு பழைய எடையளவு. 210 கிரெயின் ஏறத்தாழ 13.6 கிராம். இந்த எடை தூண்டில் கோலுக்காக வகுக்கப்பட்டது. 8-ஆம் எண் கோல் இந்த எடையை வீசுவதற்கு ஏற்றபடி வளையும். கயிறு மிதக்குமா மூழ்குமா என்பதைப் பற்றி இந்த எண் ஒன்றும் சொல்லாது!

ஆகவே ஒரே 13.6 கிராமை எத்தனை தடிமனிலும் செய்யலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடர்த்தி நீரைப்போல 0.9 மடங்கு என்றால் கயிற்றின் விட்டம் ஏறக்குறைய 1.45 மி.மீ. இது மிதக்கும். அடர்த்தியை 1.5 மடங்காக்கினால் விட்டம் 1.12 மி.மீ. ஆகக் குறையும். 2 மடங்கு என்றால் 0.97 மி.மீ. 3 மடங்கு என்றால் 0.8 மி.மீ. அடர்த்தி கூடக் கூடக் கயிறு மெலிகிறது. எடை மட்டும் மாறவில்லை.

மூழ்கும் வேகம் எப்படி அமைகிறது?

ஐந்தாம் படிவ இயற்பியலில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம் படித்திருப்பீர்கள். நீருக்குள் கிடக்கும் ஒரு மீட்டர் கயிற்றின் மீது செயல்படும் விசைகளைப் பார்ப்போம். கீழே இழுப்பது அதன் எடை. மேலே தள்ளுவது மிதப்பு விசை. எடையிலிருந்து மிதப்பு விசையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் கயிற்றை மூழ்கச் செய்யும் விசை.

கயிறு இறங்கத் தொடங்கியதும் மூன்றாவது விசை வந்துவிடும். அது நீரின் தடை. வேகம் கூடினால் தடையும் கூடும். இத்தகைய கயிறு, இத்தகைய வேகம் என்றால் தடை ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மூழ்கச் செய்யும் விசையும் தடையும் சமமாகும்போது வேகம் அதற்கு மேல் கூடாது. அதைத்தான் முற்று வேகம் என்கிறோம். கயிறு சில சென்டிமீட்டர் இறங்குவதற்குள்ளேயே அந்த வேகத்தை அடைந்துவிடும்.

கயிற்றின் விட்டம் இதில் இரண்டு இடங்களில் நுழைகிறது. மூழ்கச் செய்யும் விசை கயிற்றின் கன அளவைப் பொறுத்தது, ஆகவே விட்டத்தின் வர்க்கத்தோடு போகும். தடையோ கயிற்றின் அகலத்தைப் பொறுத்தது, விட்டத்தோடு மட்டும் போகும். ஒரே பொருளால் ஆன கயிற்றை இருமடங்கு தடிப்பாக்கினால், இறக்கும் விசை 4 மடங்கு ஆகிறது, தடை 2 மடங்குதான் ஆகிறது. எனவே தடித்தது முந்துகிறது. இது நம் இரண்டாவது கேள்விக்கு விடை.

முதல் கேள்வியில் எடை சமம். மெலிந்த கயிறு குறைந்த நீரையே விலக்குகிறது, ஆகவே மிதப்பு விசை குறைவு. அகலமும் குறைவு, ஆகவே தடையும் குறைவு. இரண்டு லாபம்! மேலே சொன்ன 8-ஆம் எண் கயிறுகளுக்குக் கணக்கிட்டால் (இழுவைக் கெழுவை 1.3 என்று எடுத்துக்கொண்டேன்), 1.5 மடங்கு அடர்த்தியுள்ளது விநாடிக்கு 8 செ.மீ. இறங்கும். 2 மடங்கு உள்ளது 11 செ.மீ. 3 மடங்கு உள்ளது 14 செ.மீ. எடை மூன்றிலும் ஒன்றே.

கடையில் விற்கும் மூழ்கும் கயிற்றின் பெட்டியில் 'டைப் 3', 'டைப் 6' என்று போட்டிருக்கும். அது விநாடிக்கு ஏறத்தாழ 3 அங்குலம், 6 அங்குலம் என்ற முற்று வேகத்தைத்தான் குறிக்கிறது. நம் அளவில் 7.5 செ.மீ., 15 செ.மீ. 'இன்டர்மீடியட்' என்பது விநாடிக்கு 3 செ.மீ. போல மெதுவாக இறங்குவது. நம் கணக்கு கடைக்காரரின் எண்ணுக்கு இவ்வளவு அருகில் வருவதைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலையும் இதே கணக்கு விளக்கிவிடுகிறது. ஃபிளை கயிறு நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். வீசும்போது மெதுவாக விரிய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். கயிறு முழுவதும் ஒரே கலவையால் ஆனதென்றால், மெலிந்த நுனி மெதுவாகத்தான் இறங்கும். விட்டம் பாதியான இடத்தில் விநாடிக்கு 8 செ.மீ. என்பது சுமார் 5 செ.மீ. ஆகிவிடும். நடுப்பகுதி முதலில் தொய்ந்து இறங்க, ஸ்ட்ரீமர் கட்டிய நுனி மேலே நிற்கும். அப்போது மீன் கடித்தாலும் அந்த இழுப்பு தொய்வைக் கடந்து கைக்கு வருவதற்குள் மீன் துப்பிவிட்டுப் போய்விடும். இதைத் தவிர்க்க நல்ல கயிறுகளில் நுனிக்கு அருகே அதிக டங்ஸ்டன் கலக்கிறார்கள். மெலிவால் இழந்த வேகத்தை அடர்த்தியால் ஈடுகட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், பெட்டியில் உள்ள பெரிய எண்ணைவிட இந்த ஒரு குணமே காசு கொடுக்கத் தகுந்தது.

பெட்டியில் உள்ள எண் குளத்துக்கு உரியது

இதுவரை பார்த்தது அசையாத நீர். பெட்டியில் உள்ள எண்ணும் அதற்குரியதுதான். ஆறு ஓடுகிறது. கயிற்றின் ஒரு முனை மனிதன் கையில் இருக்கிறது. கணக்கு இங்கேதான் சுவையாகிறது.

இரண்டு நிலைகளைத் தனித்தனியே பார்ப்போம். முதல் நிலையில் கயிறு தளர்வாக இருக்கிறது. தூண்டில்காரர் சற்று மேல்நோக்கி வீசுகிறார். கயிறு நீரோடு சேர்ந்து மிதந்து வருகிறது. நீருக்கும் கயிற்றுக்கும் இடையே பக்கவாட்டில் வேக வேறுபாடு இல்லை. ஆகவே அது குளத்தில் இறங்குவது போலவே இறங்கும். எத்தனை விநாடி தளர்வாக விடுகிறோமோ அத்தனை ஆழம். ஆறு விநாடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது, 6 விநாடி விட்டோம் என்றால், டைப் 3 கயிறு 45 செ.மீ. இறங்கும். டைப் 6 கயிறு 90 செ.மீ. இறங்கும்.

இரண்டாம் நிலையில் கயிறு விறைத்துவிடுகிறது. தூண்டில்காரர் நிற்க, நீர் கயிற்றைக் கடந்து ஓடுகிறது. காற்றில் பறக்கும் வாவ் பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று பலத்தால் பட்டம் ஏறும், தணிந்தால் இறங்கும். அதைப்போல ஓடும் நீர் சாய்ந்து கிடக்கும் கயிற்றை மேலே தூக்கும். கயிறு எந்தக் கோணத்தில் நிற்கும்? நீரின் வேகத்தில் கயிற்றுக்குச் செங்குத்தாக வரும் பகுதி மட்டுமே அதைத் தூக்குகிறது. அந்தப் பகுதி கயிற்றின் முற்று வேகத்துக்குச் சமமாகும் கோணத்தில் கயிறு அமைதி கொள்ளும். கோணம் சிறியதாக இருக்கும்வரை இதை எளிய கணக்காக்கலாம்:

ஆழம் = நீருக்குள் இருக்கும் கயிற்றின் நீளம் × (மூழ்கும் வேகம் ÷ நீரின் வேகம்)

6 மீட்டர் கயிறு, டைப் 3, நீரின் வேகம் விநாடிக்கு 100 செ.மீ. என்றால் 6 × 7.5 ÷ 100 = 0.45 மீட்டர். டைப் 6 என்றால் 0.9 மீட்டர். முதல் நிலையில் வந்த அதே எண்கள்! தற்செயல் இல்லை. முதல் நிலையில் 6 விநாடியில் நீர் 6 மீட்டர் போயிருக்கும். இரண்டிலும் ஆழத்தை முடிவு செய்வது மூழ்கும் வேகத்துக்கும் நீரின் வேகத்துக்கும் உள்ள விகிதம்தான். (நுனியில் உள்ள ஸ்ட்ரீமரின் சொந்த எடையை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஆழம் சற்றுக் கூடும்.)

இந்தச் சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் தெளிவாகும். நீர் வேகம் இருமடங்கானால் ஆழம் பாதி. ஸ்ட்ரீமர் உயிருள்ள மீன்போல் தெரிவதற்காகக் கயிற்றை விட்டுவிட்டு இழுப்பார்கள். எதிரோட்டத்தில் விநாடிக்கு 50 செ.மீ. வேகத்தில் இழுத்தால், கயிற்றுக்கு நீரின் வேகம் 100-இலிருந்து 150 ஆகிவிடும். டைப் 6 கயிறு 90 செ.மீ.யிலிருந்து 60 செ.மீ.க்கு ஏறிவிடும். தூண்டில்காரர் "மீன் கடிக்கவில்லை" என்று அவசர அவசரமாக இழுக்க இழுக்க, தூண்டில் மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.

அப்படியானால் எண் பெரிதாக இருப்பதே நல்லதா?

இல்லை. மேடிசனில் 1.2 மீட்டர் ஆழமுள்ள ஓர் இடம் என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்து ஒரு சாண் மேலே, அதாவது ஏறத்தாழ 90 செ.மீ. ஆழத்தில் ஸ்ட்ரீமர் போக வேண்டும். நீர் விநாடிக்கு 1 மீட்டர் ஓடினால் டைப் 6 சரியாக வரும் என்று பார்த்தோம். அதே ஆறு ஒரு வளைவைத் தாண்டி, விநாடிக்கு அரை மீட்டராகத் தணிகிறது. அதே டைப் 6 கயிற்றை இங்கே போட்டால் சமன்பாடு 1.8 மீட்டர் என்று சொல்லும். ஆறே 1.2 மீட்டர்தான்! கயிறு அடியில் படுத்துக் கற்களுக்கிடையே மாட்டிக்கொள்ளும். இங்கே வேண்டியது டைப் 3. நீர் வேகம் பாதியானால் பெட்டியின் எண்ணும் பாதியாக வேண்டும். கரையோரத்தில் முழங்காலளவு ஆழத்தில், இதே வேகத்தில் இன்டர்மீடியட் போதும். 6 × 3 ÷ 50 என்றால் 36 செ.மீ.

மாட்டிக்கொண்டால் அறுக்க வேண்டும். அறுந்த நரம்பும் முள்ளும் ஆற்றிலேயே கிடக்கும். நைலான் எளிதில் மட்காது. பறவையின் காலிலோ நீர்நாயின் கழுத்திலோ அது சுற்றிக்கொள்வது உண்டு. ஆகவே தேவைக்கு மேல் வேகமாக மூழ்கும் கயிறு காசுக்கு மட்டும் நட்டம் என்று நினைக்க வேண்டாம்.

கயிறு முழுவதும் மூழ்க வேண்டுமா, முன்பகுதி மட்டும் மூழ்கினால் போதுமா என்பது அடுத்த தேர்வு. பின்பகுதி மிதந்து முன்பகுதி மட்டும் மூழ்கும் கயிறும் உண்டு. ஆற்றில் இறங்கி நின்று வீசுபவருக்கு இதுவே வசதி. ஆற்றின் நடுவில் ஓட்டம் வேகம், ஓரத்தில் மெதுவு. வேகமான ஓட்டம் கயிற்றை வில்போல் வளைத்து ஸ்ட்ரீமரை இழுத்துச் சென்றுவிடும். மிதக்கும் பகுதியைக் கோலால் தூக்கி மேலோட்டப் பக்கம் மாற்றிப் போடலாம். மூழ்கிவிட்ட கயிற்றை அப்படித் தூக்க முடியாது. ஆனால் மூழ்கும் பகுதி குட்டையாக இருந்தால் ஆழமும் குறைவு. 3 மீட்டர் டைப் 6 முனை, விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் 45 செ.மீ. மட்டுமே கொடுக்கும். 24 அடி, அதாவது 7.3 மீட்டர் முனை 1.1 மீட்டர் கொடுக்கும். இரண்டுக்கும் பெட்டியில் அதே 6 தான் இருக்கும்! கடையில் எண்ணைப் பார்க்கும் கண் நீளத்தையும் பார்க்க வேண்டும். படகிலிருந்து ஆழமான பெரிய ஆற்றிலோ ஏரியிலோ வீசுபவருக்கு முழுவதும் மூழ்கும் கயிறு பொருந்தும்.

கயிற்றுக்கும் ஸ்ட்ரீமருக்கும் இடையே கட்டும் மெல்லிய நரம்பு குட்டையாக, ஒரு மீட்டர் அளவில் இருப்பது நல்லது. மட்லர் மின்னோவின் தலையை மான் மயிரால் செய்கிறார்கள். மான் மயிருக்குள் காற்றறைகள் இருப்பதால் அது மிதக்கும். நரம்பு 3 மீட்டர் நீளம் இருந்தால் கயிறு அடியில் கிடக்க, ஸ்ட்ரீமர் தன் பாட்டுக்கு மேலே ஏறிவிடும்.

அடிநீர் ஏன் மெதுவாக ஓடுகிறது?

நீரின் வேகம் என்று ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மையில் ஆற்றின் வேகம் ஆழத்துக்கு ஆழம் மாறும். படுகைக் கற்களோடு உரசும் நீர் மெதுவாக ஓடும். மேற்பரப்புக்கு அருகில்தான் வேகம் அதிகம். ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தினர், ஆழம் குறைந்த இடங்களில் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் வேகமானியை வைப்பார்கள். அங்கே கிடைக்கும் வேகம் மேலிருந்து கீழ்வரை உள்ள சராசரிக்கு மிக அருகில் இருக்கும்.

டிரௌட் மீன் கல்லுக்குப் பின்னால் அடியில் நிற்பதும் இதனால்தான். மெதுவான நீரில் நின்றால் சக்தி மிச்சம். மிதக்கும் கயிற்றில் கனமான ஸ்ட்ரீமரைக் கட்டிச் சமாளிப்பவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். ஸ்ட்ரீமர் மெதுவான அடிநீரில் இருக்கும், கயிறோ வேகமான மேல்நீரில் மாட்டிக்கொண்டு அதை இழுத்துச் செல்லும். மூழ்கும் கயிறு தானும் மெதுவான நீருக்குள் இறங்கிவிடுகிறது. இறங்க இறங்க எதிர்க்க வேண்டிய வேகமும் குறைகிறது. நம் சமன்பாடு சொல்வதைவிட உண்மையான ஆழம் சற்று அதிகமாக இருக்க இது ஒரு காரணம்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஃபிளை கயிறு விலை அதிகம், வாங்க வேண்டாம். தூண்டில் கடையில் மூன்று துண்டு நரம்பு கேளுங்கள்: 0.25 மி.மீ. நைலான், 0.5 மி.மீ. நைலான், 0.25 மி.மீ. ஃபுளோரோகார்பன். நைலானின் அடர்த்தி நீரைப்போல 1.14 மடங்கு, ஃபுளோரோகார்பனுடையது ஏறக்குறைய 1.78 மடங்கு. ஒவ்வொன்றிலும் 3 செ.மீ. வெட்டி நேராக்கிக்கொள்ளுங்கள். உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, வெளியே 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள். இல்லாவிட்டால் பரப்பு இழுவிசையால் துண்டு மேலேயே படுத்துக்கொள்ளும். துண்டை நீருக்குள் படுக்கை வாக்கில் அமிழ்த்தி விட்டு, கோட்டிலிருந்து கோட்டுக்கு ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்து, ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

முதல் இரண்டும் ஒரே பொருள், வேறு தடிமன். முதலும் மூன்றும் ஒரே தடிமன், வேறு அடர்த்தி. எது எதை முந்த வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அளப்பது முக்கியம்.

ஓட்டத்தில் சாயும் கோணத்தைப் பார்க்க ஆற்றுக்குப் போக வேண்டாம். தனியாக ஒருபோதும் போகக்கூடாது. மலையில் மழை பெய்தால் திடீரென வரும் வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கே தெரியும். மேசை விசிறி போதும். தடிப்பான கம்பளி நூல் ஒன்றையும், மெல்லிய உலோகச் சங்கிலி ஒன்றையும் விசிறிக்கு முன் தொங்கவிடுங்கள். வேகத்தை 1, 2, 3 என்று மாற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். காற்றானாலும் நீரானாலும் இயற்பியல் ஒன்றே.

கடைசியாக ஒரு கணக்கு. பேராக்கின் ராயல் பெலும் காட்டில் செபாராவ் என்ற மீன் உண்டு. டிரௌட்டைப் போலவே சின்ன மீன்களை வேட்டையாடும். அதைத் தேடும் ஒருவர், விநாடிக்கு 80 செ.மீ. ஓடும் ஆற்றில் நிற்கிறார். ஆழம் 1 மீட்டர். அவரிடம் 4 மீட்டர் மூழ்கும் முனையுடைய டைப் 6 கயிறு இருக்கிறது. கயிறு விறைத்து நிற்கும்போது முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கும்? அவர் எதிரோட்டத்தில் விநாடிக்கு 40 செ.மீ. இழுத்தால் அது எவ்வளவு ஏறும்? இழுக்கும்போதும் பழைய ஆழத்திலேயே இருக்க வேண்டுமானால் மூழ்கும் முனை எத்தனை மீட்டர் இருக்க வேண்டும்? அந்த நீளமுள்ள முனையை இழுக்காமல் சும்மா விட்டால் என்ன நடக்கும்? படம் வரைந்து, விசைகளைக் குறித்துச் செய்து பாருங்கள். விடை அடுத்த வாரம்.